எம்ஜிபிக்குள் மாஸ்டா எஞ்சின்: வண்டியின் உடலை வெட்டாமல் மாற்றுவது எப்படி

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினை மாற்றிவிடலாம் என்ற ஆசை வருவது பெரும்பாலும் மோட்டார்வேயில்தான். ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத வண்டி என்றால் மணிக்கு 70 மைலில் டேக்கோ, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள், 3,900ஐத் தொட்டு நிற்கும், பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது, லாரிக்காரர்கூட நம்மைத் தாண்டிப் போவார். அப்போதுதான் "ஒரு நல்ல எஞ்சினும் ஐந்து கியரும் இருந்தால்..." என்று மனம் அலைபாயும்.

உங்கள் குறை அந்தச் சத்தம் மட்டும்தான் என்றால் எஞ்சினைத் தொடாதீர்கள். ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 என்ற ஐந்து கியர் பாக்ஸை அதே பழைய எஞ்சினோடு பொருத்த ரெடிமேட் கிட் கிடைக்கிறது. ஒரு வார வேலை, வண்டியின் குணமும் கெடாது. இந்தப் பத்தியோடு நீங்கள் நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். இல்லை, எஞ்சினும் மாறியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் மீதி.

நான் சொல்லப்போவது 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டரில் (திறந்த கூரை வண்டி) இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.8 எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் வைத்த கதை. இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில், சனி ஞாயிறு மட்டும் வேலை பார்த்து, ஒரு குளிர்காலத்தில் முடிப்பதாக ஆரம்பித்து இரண்டு குளிர்காலம் எடுத்தது. எஞ்சினைத் தூக்கி உள்ளே வைக்க ஒரு மதியம் போதும். எஞ்சின் எதனோடெல்லாம் சேர வேண்டுமோ, அதுதான் மற்ற எல்லா வாரங்களையும் தின்றது.

எந்த எஞ்சின், ஏன்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டனில் தயாரானது. உள்ளே இருப்பது பிஎம்சி என்ற அன்றைய பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின், 1798 சிசி, இரண்டு எஸ்யு கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான், அதனால் அம்பாசடரைப் பிரித்த மெக்கானிக் யாராவது எம்ஜிபி பானெட்டைத் திறந்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சிரிப்பார். அந்த அம்பாசடருக்கே 1990களின் தொடக்கத்தில் இசுசு 1.8 எஞ்சினும் ஐந்து கியரும் வைத்தார்கள், ஆக நாம் செய்யப்போவது ஒன்றும் பாவகாரியம் இல்லை.

ரோவரின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனியே 1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் வி8 போட்டு ஜிடி என்ற மூடிய கூரை மாடலில் 2,591 வண்டிகள் விற்றது. அலுமினிய எஞ்சின் என்பதால் முன்பக்கம் கனமும் ஏறாது, சத்தத்துக்காகவே வாங்கலாம். ஆனால் இன்று கிடைக்கும் வி8களும் கிழவர்கள்தான், பெட்ரோலும் அதற்கேற்ப குடிக்கும். மாஸ்டா பக்கம் போவது என் தனிக்கிறுக்கும் அல்ல. எம்ஜிபியின் 50ஆம் ஆண்டுக்கு ஃப்ரண்ட்லைன் நிறுவனம் மாஸ்டாவின் 2.0 லிட்டர் எஞ்சினையும் ஆறு கியரையும் வைத்து எல்இ50 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதன் விலைக்கு வீடு வாங்க முன்பணம் கட்டலாம் என்பதால் நான் 1.8இல் நின்றுகொண்டேன்.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டாவின் 1839 சிசி எஞ்சின் 140 குதிரைத்திறன் அளவில் தரும், பழையதைவிட 45 கூடுதல். ஆனால் இழுவை? பி-சீரிஸ் 3,000 சுற்றிலேயே 150 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இழுத்துவிடும், மாஸ்டா 160ஐக் கொஞ்சம் தாண்டும், அதுவும் 4,500க்கு மேல்தான். ஊருக்குள் ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. மேலே சுற்றவிட்டால்தான் வேறு வண்டி. மூன்றாவது கியரில் 25 மைலில் சோம்பலாகப் போய்ப் பழகியவருக்கு முதல் வாரம் ஏமாற்றமாகக்கூட இருக்கும், எனக்கு இருந்தது.

ஒரே விதி

வண்டியின் உடலை வெட்டாதீர்கள். கியர் பாக்ஸ் உட்காரும் டனலைச் சுத்தியலால் அங்கங்கே ஒதுக்கலாம், போல்ட் ஓட்டை போடலாம், பிராக்கெட் செய்யலாம். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலை அறுப்பது, கீழ் ரெயிலை நறுக்குவது எல்லாம் வேண்டாம். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடல்தான் சேஸிஸ். வெட்டினால் பலம் போகும், பத்து வருஷம் கழித்து பழைய எஞ்சினைத் திரும்ப வைக்கும் வழியும் போகும், வண்டியின் அடையாளத்துக்கே சிக்கல் வரும். பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்து வந்த புள்ளிக் கணக்கில் மாற்றாத உடலுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்ஸிலுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, கியர் பாக்ஸ் சேர்ந்த டிரான்ஸ்மிஷனுக்கு 2, எஞ்சினுக்கு 1. அந்தக் கணக்குப்படி எட்டு இருந்தால் பழைய நம்பர் நின்றது. எஞ்சினும் டிரான்ஸ்மிஷனும் போனால்கூடக் கையில் 11 மிஞ்சும். உடலை வெட்டினால் அந்த 5ம் போய் 6இல் நிற்பீர்கள். 2025 ஆகஸ்டில் வண்டிப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ இந்த விதிகளைத் திருத்தியிருக்கிறது, அதனால் கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் அவர்களுடைய இப்போதைய விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வண்டியும் எஞ்சின் தானம் தரும் வண்டியும்

துருவை முதலில் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி எம்ஜிபிக்கு முதுகெலும்பு மாதிரி. வெளியே பளபளவென்று இருக்கும், உள் தகடு பிஸ்கட் ஆகியிருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், கதவு இடித்தால் எஞ்சின் கனவைத் தள்ளிவைத்து வெல்டிங்குக்குக் காசைச் சேருங்கள். 1967 கடைசிக்கு முந்தைய வண்டி என்றால் டனல் குறுகல், கியர் பாக்ஸ் உட்காரப் பெரும்பாடு. அதற்குப் பிந்தியதையே எடுங்கள், அவற்றில் பேட்டரியின் நெகட்டிவ்தான் எர்த் என்பது இன்னொரு நிம்மதி. பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாஸ்டாவின் இசியுவை (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) இணைத்தால் ஒரு நொடி புகை வரும், அவ்வளவுதான்.

எம்எக்ஸ்-5ஐப் பொறுத்தவரை எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள், முழு வண்டியாக வாங்குங்கள். அவையும் பின் சில்லிலும் முன் ரெயிலிலும் துருப்பிடித்து, எஞ்சின் தங்கமாக இருக்கும்போதே எம்ஓடி என்ற வருடாந்திரச் சோதனையில் தோற்று மூலைக்கு வருகிற வண்டிகள். ஓடும் நிலையில் வாங்கினால் ஓட்டிப் பார்க்கலாம், கம்ப்ரஷன் பார்க்கலாம். முக்கியமாக ஒயரிங், இசியு, சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) எல்லாம் ஒரே ஜோடியாகக் கிடைக்கும். சாவி வேறு இசியு வேறு என்றால் வண்டி உங்களைத் திருடனாகத்தான் பார்க்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டு எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் மிச்ச உதிரிகளை விற்றேன், வண்டிக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

பொருத்திப் பார்த்தல்

எம்ஜிபியில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுப்பதே வழக்கம், அதே வழியில்தான் புதியதும் உள்ளே போகும். கிரேனில் நன்றாகச் சாய்த்து இறக்க வேண்டும், ஆகவே சாய்ப்பதற்கான லெவலர் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். இறக்கியதும் மரக்கட்டை, அட்டை வைத்து நிறுத்திவிட்டு ஒரு வாரம் சும்மா பாருங்கள். உண்மையாகவே சொல்கிறேன், வெல்டிங் மெஷினைத் தொடாமல் டீ குடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவைதான்: கீழே ஆயில் சேம்பர் முன் கிராஸ்மெம்பரில் (குறுக்குச் சட்டம்) இடிக்கிறதா, மேலே பானெட் மூடுகிறதா, பின்னால் எஞ்சின் தலையின் முதுகில் இருக்கும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) ஹீட்டர் பெட்டியில் முட்டுகிறதா. எனக்கு முட்டியது, காயிலை எடுத்துப் பக்கத்தில் தனி பிராக்கெட்டில் வைத்தேன். எக்ஸாஸ்ட் விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. எம்ஜிபிக்கும் மாஸ்டாவுக்கும் அது இடது பக்கமே, அதனால் சைலன்சர் பழைய பாதையிலேயே போகும். வலது பக்கம்தான் தலைவலி. மாஸ்டாவின் ஆயில் ஃபில்டர் காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும், ரைட் ஹேண்ட் வண்டியில் ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம் இறங்குகிறது. ஃபில்டரைக் கழற்ற முடிகிறதா என்று இப்போதே கழற்றிப் பார்த்துவிடுங்கள், முடியவில்லை என்றால் ஃபில்டரைத் தள்ளி வைக்கும் அடாப்டர் வாங்க வேண்டியதுதான்.

கியர் பாக்ஸில் ஒரு சூட்சுமம். எம்எக்ஸ்-5இல் கியர் பாக்ஸுக்குக் கீழே தாங்கி எதுவும் கிடையாது. அதையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினிய உத்தரம் பிணைத்திருக்கும், அந்த உத்தரம்தான் அதைத் தாங்கும். எம்ஜிபியில் அந்த உத்தரத்துக்கு வேலை இல்லை. அதனால் உத்தரம் சேர்ந்திருந்த போல்ட் ஓட்டைகளைப் பிடித்து ஒரு பிராக்கெட் செய்து, ரப்பர் வைத்து, எம்ஜிபியின் பழைய கியர் பாக்ஸ் கிராஸ்மெம்பர் ஓட்டைகளில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதலில் 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்தேன், ரிவர்ஸ் எடுக்கும்போது வளைந்து கொடுத்தது. 5 மில்லிமீட்டரில் மறுபடி செய்தேன். எஞ்சின் மவுண்டிங்குகளுக்கும் அதே கதைதான், அட்டையில் வெட்டி, டாக் வெல்டு (சின்னப் புள்ளி வெல்டு) அடித்து, கழற்றி, வெளியே வைத்து முழுதாக வெல்டு பண்ணுங்கள். வண்டிக்குள் வைத்தே வெல்டு பண்ணினால் பேட்டரியையும் இசியுவையும் கழற்றிவிட்டுப் பண்ணுங்கள்.

எஞ்சினை நிறுத்தும் கோணமும் முக்கியம். கியர் பாக்ஸின் பின் முனையும் ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முகமும் இணையாக இருக்க வேண்டும், அதாவது ஒன்று 3 டிகிரி கீழே பார்த்தால் மற்றது அதே 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். இல்லையென்றால் 60 மைலில் சீட்டுக்கு அடியில் தையல் மெஷின் ஓடும். போனில் இருக்கும் லெவல் செயலியே போதும்.

கியர் பாக்ஸையும் ஆக்ஸிலையும் சேர்க்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், முன்பக்கம் மாஸ்டாவின் ஸ்பிளைன் (உள்ளே வழுக்கிப் போகும் பல் முனை), பின்பக்கம் எம்ஜிபியின் ஃபிளாஞ்ச். இங்கேதான் நான் மடத்தனம் செய்தேன். வண்டி ஸ்டாண்டில் நிற்க, ஆக்ஸில் கீழே தொங்க, அப்படியே டேப் பிடித்து அளந்து கடைக்கு அனுப்பிவிட்டேன். பட்டை ஸ்பிரிங்கில் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னும் நகரும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஷாஃப்ட் வந்ததும் வண்டியைத் தரையில் இறக்கினால் ஸ்பிளைன் முழுக்க உள்ளே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, பள்ளத்தில் விழுந்திருந்தால் கியர் பாக்ஸின் பின் முகம் உடைந்திருக்கும். வண்டியின் எடை நான்கு சக்கரத்திலும் இருக்கும்போது அளந்தெடுங்கள். ஸ்பிளைனை முழுக்கத் தள்ளி, 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அந்த நிலையில் வரும் நீளத்தைக் கொடுங்கள்.

பின் ஆக்ஸிலை மாற்ற வேண்டாம். கம்பெனியின் வி8 வண்டிக்கே இதே வகை ஆக்ஸில்தான், பல் விகிதம் மட்டும் வேறு. நம்முடையது 3.909. மாஸ்டாவின் ஐந்தாம் கியர் 0.814, இரண்டும் சேர்ந்து 70 மைலில் 3,200 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஓவர்டிரைவ் உள்ள எம்ஜிபியும் கிட்டத்தட்ட இதைத்தான் தருகிறது என்பதைக் கவனியுங்கள், அதனால்தான் தொடக்கத்தில் அவ்வளவு சொன்னேன்.

பெட்ரோல், தண்ணீர், மரை

எம்ஜிபியின் பழைய எஸ்யு பெட்ரோல் பம்ப் தருவது 3 பிஎஸ்ஐ அளவு அழுத்தம். இன்ஜெக்டருக்கு வேண்டியது 3 பார், அதாவது பதினான்கு மடங்கு. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். இன்ஜெக்ஷனுக்கான ஆர்9 தர ஹோஸ், அதற்கான முழு வட்ட கிளிப், எஞ்சின் பக்கத்திலிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் தனிக்குழாய் எல்லாம் வேண்டும். எம்ஜிபி டேங்கில் உள் தடுப்பு இல்லாததால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கிப் பம்ப் காற்றைக் குடிக்கும். டிக்கியில் ஒரு லிட்டர் சுவர்ல் பாட் (சின்னச் சேமிப்பு டப்பா) வைத்து, பழைய பம்ப் அதை நிரப்ப, புதுப் பம்ப் அதிலிருந்து எடுக்கும்படி செய்தால் அந்தத் தொல்லை இல்லை. இடித்தால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று கண்டிப்பாகப் போடுங்கள். விலை அற்பம், அது இல்லாமல் விபத்தில் சிக்கினால் முழு அழுத்தத்தில் பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கும்.

கூலிங்குக்கு நல்ல ரேடியேட்டரும் எலெக்ட்ரிக் ஃபேனும் போதும். இந்த எஞ்சின் முதலில் முன்சக்கர வண்டிக்காகப் பிறந்தது. எம்எக்ஸ்-5க்காகத் திருப்பி வைத்தபோது தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் முன்பக்கமே ஆகிவிட்டதால் நான்காவது சிலிண்டர் சூடாகவே இருக்கும். ரேஸ் ஓட்டுபவர்கள் தெர்மோஸ்டாட்டைப் பின்னால் கொண்டுபோவார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அது தேவையில்லை.

மரை விஷயத்தில் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். எம்ஜிபியின் பிரேக் பைப் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மாஸ்டாவினுடையது 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். அங்குல நட்டு 9.5 மில்லிமீட்டர்தான், அதனால் மாஸ்டா ஓட்டைக்குள் கொஞ்சம் ஆட்டத்தோடு அழகாகவே ஏறும், விரலால் திருகும்போது "சரியாகப் போகிறதே" என்று தோன்றும், ஸ்பானர் வைத்து இறுக்கும் கடைசிக் கால் சுற்றில் மரை வழித்துக்கொண்டு வரும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரில் எனக்கு அது நடந்தது, புது சிலிண்டர் வாங்கினேன். பிரேக்கில் நடந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எம்ஜிபி பக்கத்துக்கு அங்குலம், மாஸ்டா பக்கத்துக்கு மெட்ரிக், நடுவில் இரண்டும் உள்ள ஹோஸ் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்குங்கள். நட்டுகளை வேறு வேறு டப்பாவில் போடுங்கள்.

ஒயரிங்

பழைய ஒயரிங்கோடு மாஸ்டா ஒயரிங்கைக் கலக்காதீர்கள். எம்ஜிபியின் லைட், ஹார்ன், வைப்பர் எல்லாம் பழையபடியே இருக்கட்டும். எஞ்சினுக்குத் தனி ஃபியூஸ் பெட்டி, தனி ரிலே. இரண்டும் சந்திக்க வேண்டிய இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: பேட்டரி, இக்னிஷன், ஸ்டார்ட்டர், எர்த், டேக்கோ. எம்ஜிபியின் பழைய லூகாஸ் ஒயர்களின் நிறக் கணக்கு எளிது. பிரவுன் எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். வெள்ளை ஒயரிலிருந்து நேராக இசியுவுக்கும் பம்புக்கும் கரண்ட் எடுத்தால் ஐம்பது வயது சாவி சுவிட்ச் பொசுங்கும், ஆகவே வெள்ளை ஒயர் ரிலேயை மட்டும் எழுப்பட்டும், கனமான கரண்ட் பேட்டரியிலிருந்து வரட்டும்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டை போட மறக்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லை என்றால் ஸ்டார்ட்டரின் கரண்ட் முழுவதும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக வீடு திரும்பப் பார்க்கும், கேபிள் சிவந்து உருகும். பழைய டேக்கோ காயில் மின்னோட்டத்தைப் பார்த்துக் காட்டும் வகை, மாஸ்டா காயிலோடு ஒத்துப்போகாது. உள்ளே நவீன சர்க்யூட் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், முகம் பழையதாகவே இருக்கும்.

முதல் ஸ்டார்ட்டும் பிறகும்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள். பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், இன்னொரு ஆள் பக்கத்தில். தனியாக இந்த வேலை வேண்டாம்.

பிரேக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பழக்கமாகிவிட்டது, அது தப்பு. புது எஞ்சினுக்கு முன்பே செய்யுங்கள். எம்ஜிபிக்கு முன்னால் 10.75 அங்குல சாதா டிஸ்க், பின்னால் டிரம். நல்ல பேடு, புது ஹோஸ், பிரேக்கை அழுத்த உதவும் சர்வோ இருந்தால் சாலைக்குச் சமாளிக்கும். அழுத்தி ஓட்டுபவர் என்றால் முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பர், காற்றோட்ட டிஸ்க் போடுங்கள்.

டிவிஎல்ஏவுக்கு எஞ்சின் நம்பரும் சிசியும் மாறியதைச் சொல்லிப் பதிவுச் சான்றான லாக் புக்கைத் திருத்துங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள், சொன்னால் பிரீமியம் கொஞ்சம் ஏறும், சொல்லாவிட்டால் விபத்தன்று பாலிசி வெறும் காகிதம். எம்ஓடியில் புகைச் சோதனை எஞ்சின், வண்டி இரண்டில் எது பழையதோ அதன் வயதுக்குத்தான், 1971 வண்டி என்றால் கண்ணால் பார்ப்பதோடு சரி. 40 வருஷம் தாண்டிய வண்டிக்கு எம்ஓடி விலக்கு உண்டு, பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் முதல் வருஷம் காசு கட்டிச் சோதனைக்கு விடுங்கள், நீங்கள் இறுக்கிய நட்டுகளை வேறொரு கண் பார்ப்பது நல்லது.

முதல் 200 மைலுக்குப் பிறகு மவுண்டிங், ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், எனக்கு ஷாஃப்டில் நான்கில் இரண்டு தளர்ந்திருந்தது. அப்புறம் அந்தப் பழைய பி-சீரிஸை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் போட்டு, கார்புரேட்டர், டேக்கோ சர்க்யூட், பழைய ஷாஃப்ட்டோடு பெட்டியில் வைத்து மூடி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பானர் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.